யானைக்கவுனியிலிருந்து வந்த ஆட்டுக்கல்

என் அப்பா வாரத்தில் இரண்டு நாள் பட்டணம் போவார். அம்பத்தூரில் எங்கள் தோட்டத்தில் விளைந்த கத்தரிக்காயையும் கீரையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கொத்தவால்சாவடிக்குப் போய், விற்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். போன காரியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். அங்கே சாப்பிட்டதைப் பற்றி இரண்டு நாள் சொல்வார்.

எந்தச் சந்தில் எந்தக் காப்பி ஓட்டல், எங்கே சாம்பாரைக் கேட்காமலே வாளியோடு கொண்டுவந்து இட்டிலி முழுகும்வரை ஊற்றுவார்கள், எங்கே வடைக்காகக் காத்திருக்கலாம், எங்கே காத்திருப்பது வீண் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பட்டணத்தில் பிழைக்கப் பணம் வேண்டாம், பசி இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. அங்கே நாலு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஓர் அறை பிடிப்பார்களாம். ஓர் ஆணியில் நாலு சட்டை தொங்குமாம். எடுப்புச் சாப்பாடு ஒன்று வாங்கினால், ஒருவருக்கென்று அடுக்கில் வருவதை இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டு மிச்சக் குழம்பைச் சாயந்திரத்துக்கு வைத்துக்கொள்வார்களாம். இதையெல்லாம் அப்பா ஏதோ க்ஷேத்திர மகிமை போலச் சொல்வார். அம்மா முறத்தில் அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"சரி, கீர வித்துதா?"

அந்த ஓட்டல்களில் அப்பா முதலிடம் கொடுத்தது யானைக்கவுனியில் ஒரு நாயுடு நடத்திவந்த சின்னக் கடைக்கு. "நாயுடு ஊட்டு இட்லிய வாயில போட்டா, பல்லுக்கு வேலயே கெடயாது" என்பார். அம்மா செய்யும் இட்டிலி தட்டில் இருக்கும்போதுதான் இதைச் சொல்வார்.

நாயுடு எங்கள் ஊருக்கே வந்துசேர்ந்தது 1942 ஏப்ரலில். என் அக்கா இது அதற்கடுத்த வருஷம் என்று இன்றைக்கும் சாதிக்கிறாள். அக்காவுக்கு அப்போது கல்யாணமாகிவிட்டது. ஊரிலேயே இல்லாதவளின் சாட்சி செல்லாது. தவிர, என்னிடம் அப்பாவின் பஞ்சாங்கங்கள் இருக்கின்றன. மழை பெய்தது, மாடு ஈன்றது போன்றவற்றை அவர் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பார். சித்திரபானு வருஷப் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில், "நாயுடு. வண்டிக் கொட்டாய்" என்று இருக்கிறது. அந்த வருஷம் பிறந்தது 1942 சித்திரையில்தான்.

கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்ற செய்தி வந்ததும் பட்டணம் மூட்டை கட்டியது. ரயில் ரயிலாக ஜனங்கள் மேற்கே வந்தார்கள். எங்கள் ஊரில் மாட்டுத்தொழுவத்துக்குக்கூடக் குடித்தனக்காரர்கள் கிடைத்தார்கள். பட்டணத்திலோ வீட்டுக்கு வீடு "காலி" பலகை தொங்கியது. கேட்ட வாடகைக்குக் கிடைத்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த வாரம் காய் கொண்டுபோன அப்பா, வெறிச்சோடிய தெருவில் தம் கடைப் படியில் நாயுடு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் நெல்லூருக்கு அனுப்பிவிட்டு, அடுப்பைப் பிரிய மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாராம்.

"சாப்பிட்றவன் அல்லாரும் எங்க ஊர்லதான் கீறான். நீ மட்டும் இங்க குந்திகினு இன்னா பண்றே? கெளம்பு நைனா" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சாலையோரம் இருந்த எங்கள் வண்டிக் கொட்டகை ஓட்டலாயிற்று. இட்டிலிக் கொப்பரை, இரண்டு தோசைக்கல், வெந்நீர் பாய்லர், அண்டா அளவுக்கு ஒரு காப்பி பில்டர், இரண்டு பெஞ்சு எல்லாம் வந்து இறங்கின. ஆட்டுக்கல் மட்டும் வரவில்லை. ரயிலில் ஏற்ற முடியாதென்று சொல்லிவிட்டார்களாம்.

முதல் நாள் காலை மரியாதைக்காக நாயுடு எங்கள் வீட்டுக்கு ஒரு சொம்பு காப்பி கொடுத்தனுப்பினார். கொண்டுவந்தவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா வாசலிலேயே மறித்தார்.

"பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்குக் காப்பி? கள்ளு மாதிரி அது. இன்னிக்கிக் குடிச்சா நாளைக்கும் கேக்கும். திருப்பிக் குடுத்துட்டு வா."

சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கக் கொட்டகைக்குப் போனார். நான் சொம்போடு பின்வாசல் வழியாகத் திரும்பும்போது வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து அம்மாவின் கை நீண்டது. சொம்பு காலியாகத்தான் திரும்பிப் போயிற்று. அப்பா சொன்னது சரி. மறுநாளும் கேட்டது.

ஆனால் நாயுடுவின் ஓட்டல் இரண்டாம் நாளே ஆட்டம் கண்டது. இரவல் கல்லில் மாவு ஆட்டக் கூலிக்கு வைத்த ஆட்கள், குழவி லேசாகச் சுற்றட்டும் என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டார்கள். இட்டிலி ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டது. பட்டணத்திலிருந்து வந்த குடித்தனக்காரர்கள் பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஊரெல்லாம் நாயுடுவின் புகழ் பாடியிருந்த அப்பாவுக்குத் தலை காட்ட முடியவில்லை. நாயுடு திருவள்ளூர்ப் பக்கம் போய்ப் பார்ப்பதாகச் சொல்லிச் சாமான்களை அடுக்க ஆரம்பித்தார்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஓட்டல்காரர்கிட்ட போயி, அரிசியும் உளுந்தும் ஊறவச்சுக் குடுக்கச் சொல்லு. சாயந்தரம் மாவு வரும்னு சொல்லு. கூலி வாணாம்னு சொல்லு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலையில ஒரு சொம்பு குடுத்தாப் போதும்" என்றாள்.

நாயுடு சொம்பு என்ற வார்த்தையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டார். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்பதையும் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார். சொந்தத் தோட்டம் உள்ள குடும்பத்துப் பெண் ஓட்டலுக்கு மாவாட்டுவதா? காப்பியைவிட அது பெரிய குற்றம்.

அன்று முதல் அப்பா மத்தியானம் தோட்டத்துக்குப் போனதும் எங்கள் பின்கட்டில் குழவி சுழல ஆரம்பிக்கும். அம்மா உளுந்துக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டாள், தெளிப்பாள். பொங்கி வந்ததும் ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீர்ச் சொம்பில் போடுவாள். மிதந்தால்தான் அடுத்த வேலை. முழுகினால் இன்னும் ஆட்ட வேண்டும். அரிசி ரவைப் பதத்தில் நிற்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் நாயுடு பின்வாசலுக்கு வந்து தவலையைத் தூக்கிக்கொண்டு போவார். மறுநாள் காலையில், அப்பா கொட்டகை பெஞ்சில் முன்பக்கம் உட்கார்ந்திருக்கையில் நான் பின்பக்கமாகப் போய்ச் சொம்பை வாங்கிவருவேன். அம்மா கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து, எதிரே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தபடி குடிப்பாள். அந்த நேரத்தில் யாரும் அவளோடு பேசக் கூடாது. பேசாதிருந்ததற்குக் கூலியாகச் சொம்பின் அடியிலிருந்த நுரை எனக்கு.

மூன்றாம் நாள் காலை அப்பா கொட்டகையில் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

"ஆஹா! இதான்யா, இதான்! இத்தினி நாளா எங்க நைனா ஒளிச்சி வச்சிகினு இருந்தே?"

"யானைக்கவுனிலேர்ந்து நம்ம கல்லு வந்துட்ச்சு அண்ணாத்தே" என்றார் நாயுடு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அப்பா அதை அப்படியே நம்பினார். கல்லுக்கும் கை உண்டு, பட்டணத்துக் கல்லின் பதமே தனி என்று வீட்டில் வந்து விளக்கினார். ஒருநாள் அம்மா அந்த மாவிலேயே இரண்டு கரண்டி எடுத்துவைத்து வீட்டில் தோசை வார்த்தாள். அப்பா ஒரு விள்ளல் வாயில் போட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"பரவால்ல. ஆனா நாயுடு ஊட்டு தோச மாதிரி வருமா? அதுக்குக் கல்லு வோணும்மே, கல்லு!"

"ஆமா, கல்லுக்கு நான் எங்க போவேன்?" என்றாள் அம்மா. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல் வெளியே ஓடினேன்.

ஓட்டல் அமோகமாக நடந்தது. ஸ்டேஷனில் ரயில் நின்றதும் நேராகக் கொட்டகைக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். ஆவடிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்தார்கள். ஜப்பான்காரன் இன்றைக்கு வருவானா, நாளைக்கு வருவானா என்று பேசிக்கொண்டே இன்னும் இரண்டு இட்டிலி கேட்டார்கள். அந்தச் சித்திரையும் வைகாசியும் போல எங்கள் ஊர் கலகலப்பாக இருந்ததே இல்லை.

ஆனி மாதம் பூந்தமல்லியில் சித்திக்கு வளைகாப்பு. அவள் பையன் ஆவணியில் பிறந்தான். ஜாதகம் என்னிடம் இருப்பதால் மாதத்தில் தவறு இல்லை. அம்மா ஒரு வாரம் தங்கிவரப் புறப்பட்டாள். கோழிக்குஞ்சுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் வீட்டிலேயே தங்கிவிட்டேன். உண்மையில் ஓட்டலைவிட்டுப் போக மனமில்லை. புறப்படும்முன் அம்மா என் தலைமேல் என் கையையே வைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவள் போன மறுநாள் கொட்டகையில் அப்பா முதல் விள்ளலிலேயே நிறுத்திவிட்டார். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

"இன்னா நாயுடு இது? சுண்ணாம்புக் கட்டி மாதிரி கீது?"

அடுப்புப் புகையிலும், எழுந்துபோகிற வாடிக்கைக்காரர்களைச் சமாளிக்கிற அவசரத்திலும் நாயுடு நிதானம் இழந்தார்.

"கல்லு ஊர்ல இல்ல அண்ணாத்தே. வந்துடும்."

"கல்லு எப்டியா ஊருக்குப் போவும்?"

"வளகாப்புக்குப் போயி..." என்று ஆரம்பித்த நாயுடு கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பெஞ்சில் யாரும் கவனிக்கவில்லை. தோசைக்கல்லில் ஒரு தோசை தீய்ந்தது.

அன்று வாசலில் தாம் மறித்த அதே காப்பிச் சொம்பு அடுப்பருகே கவிழ்ந்திருப்பதை அப்பா பார்த்தார். அந்தச் சுண்ணாம்புக் கட்டியை முழுக்கச் சாப்பிட்டார். இலையை மடித்தார். கை கழுவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வண்டி பூட்றேன். பூந்தமல்லிக்கு வர்றியா?"

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இறங்கியபோது, கேட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். அப்பா பாடி நான் கேட்டதில்லை. அதனால் இன்னும் பயமாயிற்று.

பூந்தமல்லியில் எல்லாருக்கும் திகைப்பு. அழைக்காமல் மாமனார் வீட்டு வாசலை மிதிக்காதவர் அப்பா.

"இன்னா மாமே, நேத்துதானே அக்கா வந்திச்சு? அதுக்குள்ள ஊடு வெறிச்சினு ஆயிட்ச்சா?" என்று சித்தி, முந்தின நாள் அடுக்கிய வளையல் குலுங்கச் சீண்டினாள்.

"மாடு கத்துது" என்றார் அப்பா.

"அத்த இட்டுகினு வந்து இங்க கட்றதுதானே!"

வீடே சிரித்தது. அம்மா என்னைத் தனியே இழுத்து, "சொல்லிட்டியா?" என்றாள். "சத்தியமா இல்லம்மா" என்று அழுதேன். நிஜமாகவே நான் சொல்லவில்லை. அவள் ஒன்றும் விளங்காமல் மூட்டையைக் கட்டினாள்.

திரும்பும் வழியில் அப்பா பூந்தமல்லிக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். வரும்போது துண்டுக்குள் எதையோ சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மடியில் வைத்தார். அம்மா பிரித்தாள். புதுப் பித்தளை. ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் இரண்டு பாத்திரம். மேல் பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாக ஓட்டைகள். நாயுடுவின் அண்டா பில்டர் குட்டி போட்டதுபோல் இருந்தது.

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"கஷாயம் வடிகட்ட நல்லாருக்கும்னு கடைக்காரன் சொன்னான்" என்றார் அப்பா, மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

அம்மா சற்று நேரம் அந்த ஓட்டைகளையே பார்த்தாள். பிறகு, "ஆமா. கஷாயத்துக்குத்தான் நல்லாருக்கும்" என்றாள். ஊர் வந்துசேரும்வரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்தாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிறாள் என்று எண்ணி நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலையே குழவி சுழன்றது. அப்பாவுக்கு எப்படியோ அன்றைக்குத் தோட்டத்தில் வேலை அதிகம் இருந்தது.

நாயுடு இன்னும் சில மாதம் இருந்தார். பட்டணத்தில் மெல்ல ஜனங்கள் திரும்ப, அவரும் திரும்பினார். போகும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டு, "அந்தக் கல்லு மாதிரி இனிமே கெடைக்குமா அண்ணாத்தே?" என்றார். "ஜாக்கிரதயா பாத்துக்கறேன் நைனா" என்றார் அப்பா. அப்பாவின் கணக்கில் யானைக்கவுனிக்குத் திரும்பிப் போகிற கல்லை இவர் எங்கேயிருந்து பார்த்துக்கொள்வார் என்று நான் யோசித்தேன்.

பூந்தமல்லிக்குப் போய்வந்த நாளைப் பஞ்சாங்கத்தில் தேடிப் பார்த்தேன். ஓரத்தில், "மேற்கே மின்னல்" என்று மட்டும் குறித்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் "கஷாயம்" இறங்க ஆரம்பித்தது. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அந்தப் பில்டரைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைப்பது என் வேலை. யாரும் எனக்குச் சொன்ன வேலையில்லை; சத்தியம் செய்தவள் நான். ஒருநாள் நான் ஓடுவதற்குள் அப்பா சமையல்கட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"ஏமே, கஷாயம் மிச்சம் கீதா? தொண்ட ஒரு மாதிரி கீது."

அம்மா ஒரு டம்ளரில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்பா நிதானமாகக் குடித்து முடித்தார்.

"கசப்பு கம்மிதான்" என்றார். "நாளைக்கும் கொஞ்சம் குடு."

நான் கண்ணைத் திறந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டம் தப்பியது என்று பெருமூச்சு விட்டேன். கூடவே அப்பாவை நினைத்து எனக்குப் பாவமாகவும் இருந்தது. பட்டணத்து ஓட்டல்களில் இத்தனை வருஷம் காப்பி குடித்த மனிதருக்கு, கஷாயம் எது, காப்பி எது என்று தெரியவில்லையே.