ஷேடு பார்த்து எடுத்த மீன்

என் தாய்மாமாவுக்குச் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துணித்துண்டையும் இங்கே சாயம் போட்ட துணியையும் ஒட்டிவைத்துப் பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று சொல்வதற்குச் சம்பளம். அந்தக் கண்ணை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். அம்மா வைக்கிற ரசத்துக்குக்கூட, நேற்றைவிட ஒரு டோன் கம்மி என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள்.

அப்போது நாங்கள் மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. பக்கத்து வீட்டில் பெங்காலி அக்கா. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பனியன் கம்பெனி வேலை. அவள் குழந்தை பெற்று வந்திருந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் சோறு இறங்கவில்லை. அம்மா வைத்துக் கொடுத்த பூண்டுக் குழம்பை அன்போடு வாங்குவாள், அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மாகுர் என்கிற மீசை மீன் கொடுத்தால்தான் உடம்பு தேறுமாம். நம் தேளி மீன்தான் அது. புருஷன்காரர் மார்க்கெட்டில் அலைந்து முழங்கை நீளத்துக்கு ஒன்று வாங்கி வந்தார். அக்கா ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வளர்ப்புக் கெளுத்தியாம். இரண்டும் கலந்து பிறந்த ஒட்டு மீன்கூட வந்துவிட்டதாம், அதுவும் ஆகாதாம். அசல் நாட்டு மீன் வேண்டும். பச்சை உடம்புக்காரி இப்படிப் பட்டினி கிடந்தால் பிள்ளைக்குப் பாலுக்கு எங்கே போவாள் என்று அம்மா புலம்பினாள்.

இது போதாதா மாமாவுக்கு. நேராக அக்காவிடம் போய், நாட்டு மீன் என்ன கலர் என்று கேட்டார். அவளுக்குத் தமிழில் சொல்ல வரவில்லை. சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் துணித்துண்டுகளை மாமா தரையில் பரப்பினார். அவள் கரும்பழுப்புத் துண்டு ஒன்றின்மேல் விரல் வைத்தாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்ரூவல் கிடைத்த பிறகு மாமா யார் பேச்சைக் கேட்டார்?

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அமராவதி நகருக்குப் பஸ் ஏறினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் பயணம், அணை, மீன், அதிலும் என் கையில் பெரிய வேலை: அந்தத் துணித்துண்டைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். உடுமலை வருவதற்குள் அது வேர்வையில் நனைந்துவிட்டது.

அணைக்குக் கீழே வாய்க்கால் ஓரம் மீன் பிடிக்கிற ஒருவர் கறுப்பு டிரம் நிறைய மீசை மீன் வைத்திருந்தார். அவர் நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை.

"எல்லாங் கலந்து கெடக்குதுங்க. எது நாடு, எது ஒட்டுன்னு எனக்கே புடிபடறதில்லீங்க," என்றார்.

"நீங்க மீனை மட்டும் எடுத்துக் காட்டுங்க, நாங்க பாத்துக்கறோம்," என்றார் மாமா.

அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, நான் துணியைப் பக்கத்தில் பிடிக்க, மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று தள்ளிக்கொண்டே வந்தார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மீனுக்கு ஜாக்கெட் தைக்கப் போகிறார்களா என்று யாரோ கேட்டார்கள். கடைசியில் இரண்டு மீன்கள் துணியோடு அச்சாக ஒத்துப்போயின. நான் குதித்த குதியில் செருப்பு ஒன்று வாய்க்காலில் போய்விட்டது. மாமா திட்டவே இல்லை.

திரும்பும்போது வாளியின் மூடியைத் தள்ளிக்கொண்டு ஒன்று எகிறிக் குதித்து சீட்டுக்கடியில் ஓடியது. பஸ்ஸே காலைத் தூக்கி உட்கார்ந்துகொண்டது. மாமா தவழ்ந்துபோய்ப் பிடித்தார். கண்டக்டர் மீனுக்கும் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார்.

அக்கா வீட்டு வாசலில் நாங்கள் வாளியைத் திறந்தோம். அவள் ஒரு மீனை லாவகமாகப் பிடித்து, தலையும் உடம்பும் சேருகிற இடத்தில் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். விரல் அங்கேயே நின்றது. பிறகு சேறும் வேர்வையுமாக நின்ற மாமாவைப் பார்த்தாள். ஒற்றைச் செருப்போடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"இதுதான் அண்ணா. எங்க ஊரு மீன்," என்றாள்.

அன்றைக்கு அவள் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா லைன் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் மிச்ச மீனைப் பார்க்க ஓடினேன். அக்கா அதை வெள்ளை பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றியிருந்தாள். அந்தக் கரும்பழுப்பைக் காணோம். சாம்பலாக வெளுத்து, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக இருந்தது. மீனுக்குக் காய்ச்சல் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மாமா, "மீன் எப்படிங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா சட்டென்று ஒரு தட்டை எடுத்து வாளியை மூடினாள். நல்லா இருக்கு அண்ணா, மத்தியானம் குழம்பு என்று சிரித்தாள். என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரல் வைத்தாள்.

மீன் இருக்கிற இடத்துக்கு ஏற்ப நிறம் மாற்றிக்கொள்ளும், நாடா ஒட்டா என்று காட்டிக்கொடுப்பது பிடரி எலும்பின் வடிவம்தான் என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவை. விரல் வைத்ததுமே ஒட்டு மீன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. புருஷன் வாங்கி வந்ததைத் தொடாதவள், ஆகாது என்று சொன்ன ஒட்டு மீனை எங்களுக்காக இரண்டு நாள் சாப்பிட்டாள். நானோ, காய்ச்சல் மீனைத் தின்கிறாளே, இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அவள் வாசலிலேயே காவல் உட்கார்ந்திருந்தேன்.