பாலக்காட்டில் ஏறிய பவர்

சைக்கிள் ஓட்டத் தனிக் கண்ணாடி வாங்கப்போகிறேன் என்றபோது என் மனைவி சிரிக்கவில்லை. கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் நாற்பத்தாறு வயது ஆள் நான். சர்க்கரைக்காக டாக்டர் ஓட்டச் சொன்ன சைக்கிள். யாரும் என்னிடம் புண்ணாக்கு கேட்காத ஒரு மணி நேரம் அதில்தான் கிடைக்கிறது. ஒருநாள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி அடித்ததில் கண் கலங்கி வாய்க்காலில் விழுந்தேன்.

"இன்னொருக்கா விழுந்தீங்கன்னா சைக்கிள் பழைய இரும்புக்குப் போயிருமுங்க" என்றாள். சொன்னால் செய்பவள்.

ஞாயிறுதோறும் பாலக்காட்டிலிருந்து ஒரு கூட்டம் உடம்போடு ஒட்டிய சட்டையில் வரும். எங்கள் ஊரில் டீ குடித்து, டீயைப் படம் பிடித்து, சைக்கிளைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பும். கன்னம்வரை வளைந்த அவர்களுடைய கண்ணாடிமேல் எனக்கு ஒரு கண். என்னைப்போன்ற கிட்டப்பார்வைக்காரனுக்கும் பவர் போட்டு அதைச் செய்துதரும் கடை பாலக்காட்டில் இருக்கிறது என்றார்கள். வழக்கமாகப் போகும் பொள்ளாச்சிக் கடை அன்றைக்கே எனக்கு இளப்பமாகிவிட்டது.

பாலக்காட்டுக் கடைப் பெண் விவரமானவள். கறுப்பு வேண்டாம், மரநிழலில் குழி தெரியாது, இளமஞ்சள் போதும் என்றாள். ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் என்னைக் குனியவைத்து, ஃபிரேமின் மேல்விளிம்பு பார்வையை மறைக்கிறதா என்று பார்த்தாள். நான் மலையாளம் பொளந்துகட்டியதைக் கேட்டு மலையாள எழுத்துப் பலகையைப் போட்டாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பேச்சு மலையாளம், படிப்பு தமிழ். பஸ்ஸைக்கூட நிறம் பார்த்து ஏறுகிறவன் நான். ஆங்கிலப் பலகை கேட்டிருக்கலாம். கேட்டால் மானம் போய்விடுமே.

"வாயிச்சோளூ" என்று படிக்கச் சொன்னாள்.

"தெளியுன்னில்ல" என்றேன்.

அவள் லென்ஸை மாற்றினாள். நான் மறுபடி தெளியவில்லை என்றேன். கண்ணை அளந்த கம்ப்யூட்டர் காட்டியதும் நான் சொல்வதும் ஒட்டவில்லையே என்று பாவம், நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்த நாலு எழுத்து இருந்த வரி வந்தபோது மட்டும் கணீரென்று படித்தேன். அதற்குள் பவர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

புதுக் கண்ணாடியோடு கிளம்பிய முதல் காலை, ரோடு சிறுத்துத் தள்ளிப்போய்க் கிடந்தது. வாய்க்கால் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தது. ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி சைக்கிளைப் பூட்டிச் சாவியைப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் என்னைப் பொள்ளாச்சிக்கு இழுத்துப்போனாள். தமிழ்ப் பலகையைக் கடைசி வரிவரை மூச்சுவிடாமல் படித்தேன்.

"உங்க கண்ணுக்குப் பழைய பவரேதானுங்க. இந்தக் கண்ணாடிய யாருங்க இப்படிப் போட்டுவிட்டது?" என்றார் கடைக்காரர்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, அங்க எந்த எழுத்தக் காட்டுனாங்க?"

"மலையாளம்."

கடைக்காரர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் அவரிடம், "இந்த வளைஞ்ச ஃபிரேமுலயே இருக்கட்டுங்க. இவருக்குப் படிக்கத் தெரிஞ்ச பவரப் போட்டுக் குடுங்க" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ் நின்றது. முன்னால் தமிழ்ப் பலகை. அவள் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் மலையாளப் பலகையின் முன் நிறுத்தினாள். சைக்கிள் சாவி அவள் விரலில் தொங்கியது.

"படிங்க. படிச்சா சாவி."

சொந்த ஊர்ப் பெயர்தான், எனக்கே தெரியும். ஆனால் அவள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கேட்டாள். மூன்றாவதில் நின்றுவிட்டேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

சாவியைப் பர்ஸுக்குள் போட்டுவிட்டு, "அடுத்தது அரை மணி நேரத்துலங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.