ஆறு மணிக்கு முனகும் கம்பி

தம்பி செத்த எட்டாம் மாதம், மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒருவர் வந்து அவனுடைய பேஸ் கிட்டாரைக் கேட்டார். அவனது முதல் வருஷ நினைவுத் திருப்பலிக்கு வாசிக்க வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாரும் தொட வேணாம். நானே வாசிக்கிறேன்" என்றேன். நாற்பத்திரண்டு வயதில் கிட்டாரை எப்படிப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. வாய்க்கொழுப்பு, வேறென்ன.

திண்டிவனம் வீட்டுக் கூடத்தில் ஆணியில் அது தொங்கியது. மாலை ஆறுக்குக் கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் அதன் தடித்த கம்பி தானாக முனகும். அம்மா அதற்காகவே டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். "கேட்டியா, பேசறான்" என்பாள். எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும். கம்பி அதிர்கிறது, அவ்வளவுதான் என்று அதட்டுவேன்.

கிட்டாரின் கழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, சுரங்களின் பெயரைத் தம்பி தன் கையால் எழுதியிருந்தான். சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, மறுபடி சி. விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் தொடையில் விரல் தட்டிக்கொண்டே முணுமுணுப்பேன். மற்ற சுரங்களுக்கு நடுவே ஒரு கட்டம் விட வேண்டும். இ-யும் எஃப்பும் மட்டும் அடுத்தடுத்து இருக்கும், பி-யும் மேல் சி-யும் அப்படியே. வீட்டில் வாசித்துப் பார்க்கும்போது நான் அங்கேயும் தாண்டிவிடுவேன். "அவன் அப்படி வாசிக்க மாட்டான்" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். அவன் விரல் பட்டு எஃப் பாதி அழிந்திருந்தது. அதன்மேல் என் விரலை வைக்க முதல் வாரம் முழுக்க உடம்பு கூசியது.

கம்பிகள் துருப்பிடித்திருந்தன. ஒரு வியாழக்கிழமை விழுப்புரத்தில் புதுக் கம்பி வாங்கி வந்து மாட்டி, போனில் சுதி காட்டும் ஆப்பைப் பார்த்து முறுக்கினேன். நாலுக்கும் பச்சை காட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆறு மணி அடித்தது. கிட்டார் வாயே திறக்கவில்லை.

அம்மா இருட்டும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அவன என்னடி பண்ணின?"

மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. அம்மா ரெண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. குப்பை வண்டியை மறித்து, நான் தூக்கிப் போட்ட பழைய கம்பியைப் பார்த்தீங்களா என்று கேட்டேன். வண்டி தள்ளும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஒத்திகை. கீபோர்டுக்காரர் பாதியில் நிறுத்தினார்.

"அக்கா, விரல் கரெக்ட்டாதான் போவுது. சுதிதான் சேரல. நம்ம பாடுற அக்காவுக்கு மேல எட்டாதுன்னு நான் ஒரு பட்டன அமுக்கி அரை சுரம் எறக்கிக்கினு வாசிப்பேன். உங்க தம்பி கம்பியையே எறக்கி வச்சிருப்பான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவன் வாசித்த பதினைந்து வருஷத்தில் நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து நாலு கம்பியையும் அரை சுரம் தளர்த்தி ஆணியில் மாட்டினேன். ஆறு மணி அடித்து ஓய்ந்தது. தடித்த கம்பி முனகியது. இறக்கிய சுரம் மணியின் சுரத்தோடு ஒத்துப்போகிறது, வேறொன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன்.

அவள் எழுந்துபோய்க் கிட்டாரின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா எங்கடா போன?"

நான் சொல்லவில்லை. பாவி, நானும் அவன் பதிலுக்குத்தான் காத்திருந்தேன்.