பத்தரை மணி நிழல்

சூரியனே எட்டிப் பார்க்காத ஊருக்குச் சூரிய மின்சாரம் படிக்கப் போனேன். மயிலாப்பூரில் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பனியிலும் மங்கிய வெளிச்சத்திலும் சோலார் பேனல்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அந்த வடகோடி ஊரில் ஆராய்கிறார்கள். நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் ஜனவரியில்தான் திரும்பும். அன்று ஊரே வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து, இனிப்பு பன் தின்றபடி அதை வரவேற்குமாம். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் சொன்னார். அதுவரை பகலிலும் நீலமாக ஒரு இருட்டு. வெளியே நடந்தால் கூட வர நிழல்கூடக் கிடையாது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

முதலில் தினமும் காலை ஆறு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். மயிலாப்பூரில் அப்போது பத்தரை. முழங்கால் வலியில் ஆரம்பித்து அரை மணி நேரம் இழுப்பாள். ஒரு நாள், மயிலாப்பூர் வீட்டு மாடி பேனல்களின் உற்பத்தியைக் காட்டும் செயலியில் ஒன்றைக் கவனித்தேன். பத்தரைக்குத் துணிக்கொடியை ஒட்டிய பேனல் மட்டும் கால் மணி நேரம் மங்கி, பிறகு தெளிந்தது. மறுநாளும் அப்படியே. அம்மா குளித்துவிட்டு மாடியேறி மடிப் புடவையை உலர்த்தும் நேரம் அது. அம்மா நடமாடுகிறாள், அப்புறம் எதற்குப் போன்? தினமும் என்பதை வாரம் ஒன்றாகக் குறைத்தேன்.

நிழல் வாரத்துக்கு மூன்று நிமிடம் போலப் பிந்திக்கொண்டே வந்தது. பாவம், படியேற நேரமாகிறது, வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் வாரப் போனைத் தவிர வேறு போன் செய்யவில்லை.

சூரியன் திரும்ப இரண்டு நாள் இருந்தது. காப்பியோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் அப்போதுதான் விழுந்திருந்தது. அம்மா வீட்டில் வேலை செய்யும் பெண் போனில் கூப்பிட்டாள். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு அம்மா சமையலறையில் விழுந்துவிட்டாளாம். இடுப்பெலும்பு முறிந்து அடையாறில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம்.

"அப்ப இப்போ மாடியில யாரு நிக்கறா?" என்றேன்.

"மாடியிலயா? தீபாவளிலேர்ந்து பூட்டிதான கீது. அம்மாவால ஏற முடில. சாவி என்கிட்டதான் கீது."

திரையில் பேனல் இருண்டே இருந்தது. நேற்றும் இதே போல இருண்டதைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகக் குளிக்கப் போயிருந்தேன். பூட்டிய மாடியில் யாரோ நின்றுகொண்டு என்னைப் பார்ப்பது போலிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

வந்து இறங்கியபோது அம்மா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தவள், பூட்டைத் திறந்து மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு மாடியில், நான் ஊரில் இல்லாதபோது வைத்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் நிழல் மெல்ல நகர்ந்து வந்து பேனலின் மேல் ஏறியது. அந்த மாதங்களில் ஒரே இடத்து நிழல் நாளுக்கு நாள் பிந்தும் என்பது அந்த வடகோடி ஊரில் என் படிப்பின் நடுவே நான் இளைய மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே நடத்தும் பாடம்.

சாயங்காலம் அம்மா கண் விழித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலைக்கு வரவ ரெண்டு மணிக்குத்தான் வந்தா. அதுவரைக்கும் தரையில கெடந்தேன். முன்ன மாதிரி பத்தரைக்கு நீ கூப்பிடுவே, எடுக்கலைன்னா யாரையாவது அனுப்புவேன்னு போன் சத்தத்துக்கே காத்துண்டு கெடந்தேன்டி" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை.