எஞ்சினைக் கழற்றியவனுக்கு ஒரு சிபாரிசு

பாடம் நடத்துவதில் வாத்தியாருக்குச் சிரமமே இல்லை. சிபாரிசுக் கடிதம் எழுதச் சொன்னால்தான் பேனா நகராது. இந்த அவஸ்தையைப் பட்டவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள்.

ஐம்பதுகளில் நான் கிருஷ்ணகிரியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். எங்கள் பள்ளியிலிருந்து முதன்முதலாக அமெரிக்கக் கல்லூரிக்கு மனுப் போட்டவன் நாகரசம்பட்டி முனிராஜ். மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்த அமெரிக்க டாக்டரம்மா விலாசம் கொடுத்தார். படிப்பும் சாப்பாடும் இலவசமாகக் கிடைத்தால் போகலாம். இல்லையென்றால் அப்பாவின் மாந்தோப்புதான் அவனுக்குக் கதி.

ஓய்வு நேரம்

ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. தபால்தலை சேர்ப்பது, டென்னிஸ் என்று எதையாவது எழுதி வைக்கலாமா என்று எனக்குச் சபலம். பையன் பொய்க்கு ஒப்பவில்லை. என்னையே திருப்பிக் கேட்டான்: “சும்மா இருக்கற நேரம்னு ஒண்ணு இருந்தா எங்கப்பா உட்டுடுவாரா சார்?”

நடத்தை திருப்தி

எங்கள் ஹெட்மாஸ்டர் எவனுக்கும் ‘நடத்தை திருப்தி’ என்பதற்கு மேல் எழுதியதில்லை. அமெரிக்கக்காரர்களோ, இந்தப் பையன் மற்றவர்களைவிட எப்படி உசத்தி என்று இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். நான் மனதாரப் புகழ்ந்து எழுதிக் கொண்டுபோனேன். படித்துவிட்டுக் காகிதத்தை அப்படியே தள்ளினார்.

“என்னய்யா இது, மாப்பிள்ளை பாக்க வந்தவங்களுக்கா எழுதறீர்?”

அப்பாவின் பயம்

பையனின் அப்பாவை வரவழைத்துக் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். ஹெட்மாஸ்டரிடம் எனக்காகப் பேசுவார் என்று நம்பிக்கை. அவர் முகமோ வெளுத்துவிட்டது. பெற்ற பிள்ளையை நாலு பேர் காதில் விழப் புகழும் வழக்கம் அவர் வீட்டில் கிடையாது; கண் பட்டுவிடுமாம். “ரெண்டு கொறையும் சேத்து எழுதுங்க சார்” என்று அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். பெரியவர்கள் எது சொன்னாலும் ஏன் என்று கேட்பான். புது ஆயில் எஞ்சினைக் கழற்றிப் பரப்பிவிட்டான்; அவனே மறுபடி பூட்டி ஓடவைக்கும்வரை தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை.

அதைப் படித்த பிறகுதான் ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்தார்: “இப்பத்தான்யா இது மனுஷப் பையனைப் பத்தின கடுதாசி!”

பஸ் ஸ்டாண்டில்

மாதக்கணக்கில் பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே வகுப்பை விட்டு வாசலுக்கு ஓடுவேன். கடைசியில் ஒருநாள் வந்தது: இடம் உண்டு, படிப்பும் சாப்பாடும் கல்லூரியின் பொறுப்பு. நன்றாகப் படிப்பவர்கள் பலர் மனுப் போட்டிருக்கிறார்கள், எஞ்சினைக் கழற்றி மறுபடி ஓடவைத்தவன் இவன் ஒருவன்தான் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் ஆயுசில் அவ்வளவு பெருமை நான் பட்டதில்லை.

மெட்ராஸ் பஸ்ஸில் அவனை ஏற்றிவிட ஊரே திரண்டு வந்தது. பஸ் கண்ணுக்கு மறைந்ததும் அவன் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “மாங்கா வண்டி ஓட்டிக்கிட்டு பெங்களூரு வரைக்கும் போனவன் எங்க வம்சத்துல நான் ஒருத்தன்தான்னு மீசைய முறுக்கிக்கிட்டிருந்தேன் சார். அதையும் புடுங்கிக்கிட்டுப் போறான் பாருங்க!”

அன்று முதல், “எம் பையன் உருப்படாதவன் சார், எழுதிக்குங்க” என்று பெருமையோடு வந்து நிற்கும் தகப்பன்மார்களைச் சமாளிப்பதே என் முழுநேர உத்தியோகமாகிவிட்டது.