குளத்து மரத்தில் செய்த படி

மரக்கிடங்கில் அவரை எல்லோரும் நீர்க்காக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். வாங்கிய மரங்கள் அறுவைக்குப் போகும்வரை குளத்தில் மூழ்கிக் கிடக்க வேண்டும். எது மிதந்து முதுகு காட்டினாலும் கழியால் புரட்டி அமுக்குவது அவர் வேலை. நீருக்குள் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் பூஞ்சை பிழைக்காது. இதை அவர் சொல்லிச் சொல்லியே கிடங்கில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

வீட்டுக்குப் பின்புறம் மாடிக்குப் படி வேண்டும் என்று மனைவி கேட்டதும், குளத்தில் வெகுநாள் ஊறிய மரமாகப் பார்த்து எடுத்துவந்து தானே செய்தார். "மரம்னா எங்க வீட்டுக்காரர் கண்ணுக்குத் தப்பாது" என்று அவள் அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

ஒரு மழைக்காலம் போனது. அடுத்ததில் அவள்தான் முதலில் சொன்னாள்.

"மேல்படி மிதிச்சா மெத்துமெத்துங்குது. என்னன்னு பாருங்களேன்."

"தண்ணியிலயே கிடந்த மரம்டி. மழை அதை என்ன பண்ணும்? நீ எடையைக் குறை, எல்லாம் சரியாயிடும்."

அவளும் சிரித்தாள். சில நாள் கழித்து, துணிக்கூடையோடு ஏறியவளின் காலடியில் பலகை சத்தமில்லாமல் இற்றுவிட்டது. மேலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

உடைந்த துண்டைக் கிடங்குக்கு எடுத்துப் போனார். அறுவை மேஸ்திரி அதை விரலால் நசுக்கினார். உதிர்ந்தது.

"குளத்துல பூஞ்சைதாண்ணே இருக்காது, பாக்டீரியா இருக்கும். அது மரத்தைச் சாய்க்காது. உள்ள தண்ணி போற வழியில இருக்கற சின்னச் சின்ன அடைப்பை மட்டும் தின்னுடும். வெளிய எடுத்தா பார்க்கக் கல்லு மாதிரிதான் இருக்கும். ஆனா மழை பெஞ்சா மொடாக்குடி குடிக்கும். அப்புறம் பூஞ்சைக்குக் கேக்கணுமா? அதான் குளத்து மரத்தை வீட்டுக்குள்ள போடுவோம், மழையில நிறுத்த மாட்டோம். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அவர் உட்பட. ஆயுசு முழுக்கப் பூஞ்சையை விரட்டியவர், அதற்குக் கதவு திறந்துவிடுகிற கூட்டாளியைத் தன் குளத்திலேயே காவல் காத்திருக்கிறார்.

சக்கர நாற்காலி வாசலில் இறங்க ஒரு சரிவுப் பலகை தேவைப்பட்டது. இந்த முறை தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் அளந்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"மரத்தை நீங்களே பாத்து எடுத்துட்டு வந்துடுங்கண்ணே. உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லப்போறேன்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. அதில் கோபம்கூட இல்லை.

"வேண்டாங்க. மரத்தை வேற யாராவது பாக்கட்டும்."