சரிவில் நின்ற டாங்கி

சிரம்பான் அருகே சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மூடிய கலன்களுக்குள் எவ்வளவு திரவம் இருக்கிறது என்று திறக்காமல் சொல்ல வேண்டும். வெளிச்சுவரில் குளிர்ந்த பசை தடவிக் கருவியை வைத்தால், ஒலி உள்ளே போய்த் திரும்பி வந்து அளவைக் காட்டும். நேற்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் என் சோதனைப் பட்டியலைப் படித்தார்.

"மொத வரியே 'கலன் மட்டமாக நிற்கிறதா'வா? யாராச்சும் சரிவுல வப்பாங்களா, சிஸ்டர்?"

வைப்பார்கள். என் அப்பா வைத்தார்.

கோலா பிலா பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா பழக்குலை லோரி ஓட்டினார். லோரியின் குறைகள்: பேட்டரி செத்தது, டீசல் முள் செத்தது, கதவு ஒரு கயிற்றின் தயவில் உயிரோடிருந்தது. பேட்டரியை நம்ப முடியாததால் வீட்டருகே மேட்டில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவார். காலையில் உருட்டிவிட்டால் கிளம்பிவிடும். திருட்டுக்குப் பயந்து டாங்கி மூடிக்கு முதலாளி பூட்டுப் போட்டிருந்தார், சாவி அவர் இடுப்பில். ஆகவே குச்சி விட்டுப் பார்க்க வழியில்லை. ஸ்பேனரால் டாங்கிச் சுவரை மேலிருந்து கீழே தட்ட வேண்டும். 'டங்' என்றால் காற்று, 'தொப்' என்றால் டீசல்.

பள்ளி முடித்த வருடம் எனக்குச் சிரம்பானில் தொழில்நுட்பக் கல்லூரி நேர்முகத் தேர்வு, போக அப்பாவின் லோரிதான். வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. ஃபிசிக்ஸில் ஏ வாங்கிய மிதப்பில் ஸ்பேனரை நானே பிடுங்கிக்கொண்டேன். புது பாஜு கூரோங் உடுப்பில் சேறு படக்கூடாது என்பதால், எட்டிய முன்முனையில் மட்டும் தட்டினேன். பாதிக்குக் கீழே எல்லாம் 'தொப்'.

"அரை டாங்கி இருக்குப்பா."

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க, கெளம்புங்க," என்றார் அம்மா வாசலிலிருந்து. "ஏசப்பா கொண்டுபோய்ச் சேத்துருவாரு. லோரியத்தான் நம்ப முடியாது."

புக்கிட் புத்துஸ் மலைச்சாலை ஏற்றத்தில் லோரி இருமி நின்றது. அப்பா இறங்கி டாங்கி நீளத்துக்கும் தட்டினார். டங், டங், டங். கடைசியில், பின்முனையின் அடியில் மட்டும், 'தொப்'. வீட்டு மேட்டில் முன்னால் தேங்கியிருந்த கொஞ்ச டீசலைத்தான் அரை டாங்கி என்றிருக்கிறேன். ஏற்றத்தில் அது பின்னால் ஓடிவிட்டது. இன்ஜினுக்கு டீசல் உறிஞ்சும் குழாயோ முன்னால்.

"அரை டாங்கியாமே?" என்றார் அப்பா. நான் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் சைக்கிளில் நெடியடிக்கும் பெத்தாய்க் காய்க் கட்டுகளோடு வந்த ஒரு மலாய்க்காரப் பாக்சிக்கை அப்பா கைகாட்டி நிறுத்தினார். "ஏறு பாப்பா, யோசிக்காத லா!" என்று என்னைப் பின்னால் ஏற்றிவிட்டார்.

நேர்முகத்துக்கு நான் கொண்டுசென்றவை: சான்றிதழ்கள், நாற்பது நிமிடத் தாமதம், அறை முழுக்கப் பெத்தாய் வாசம். ஏன் தாமதம் என்று அதிகாரி கேட்டார். கடித உறையின் பின்புறம் சாய்ந்த டாங்கியை வரைந்து காட்டினேன். யார் தட்டியது என்றார். நான்தான் என்றேன். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. வெளியே வந்து அழுதேன். மூன்று வாரம் கழித்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது.

அப்பா அன்று மாலைவரை அந்த ஏற்றத்தில் இருந்தார். வீட்டில் யார் கேட்டாலும், லோரிக்குத்தான் கோளாறு என்றார்.

போன மாதம் அவரைப் பழைய தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போனேன். தோட்டம் இல்லை, தொழிலாளர் லைன் வீடுகள் இல்லை, லோரி எப்போதோ இரும்புக்கடைக்குப் போய்விட்டது. மேட்டையும் வெட்டிச் சமமாக்கி வீடுகள் கட்டியிருந்தார்கள். அப்பா தெருவின் இரு முனையையும் பார்த்தார்.

"இப்பத் தட்டிருந்தா சரியாச் சொல்லிருப்ப லா," என்றார்.